ஆடிப் பதினெட்டும் ஜூலை முப்பத்தொன்றும்

தீரன் சின்னமலை நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது மறுக்க இயலவில்லை. மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி சின்னமலை ஆன கதையையும், ஓடாநிலைக் கோட்டையின் பெருமையையும் கொங்கு மக்களுக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே அவற்றை விடுத்து, அவர் நினைவு நாள் எது என்ற ஒன்றை மட்டும் ஆராயப் புகுகிறேன். சங்ககிரியில் அவர் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31 என்று நூல்கள் கூறுகின்றன. அஞ்சல் துறையும் 2005-இல் அதே தேதியில்தான் சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. ஆனால் மக்கள் திரள்வதோ ஆடி 18 அன்று. அது இக்காலத்தில் ஆகஸ்டு 2 அல்லது 3-ஆம் தேதியில் வருகிறது. இரண்டில் ஒன்றுதானே மெய்யாக இருக்க முடியும் என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். இரண்டும் மெய், இரண்டும் ஒரே நாள் என்பது என் துணிபு.

இதற்குச் சான்று நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. வாக்கியக் கணிதப்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. மணிக்கணக்கில் இது 365 நாள், 6 மணி, 12½ நிமிடம். ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டோ 365 நாள், 5 மணி, 49 நிமிடம் 12 விநாடி. ஆண்டுக்கு 23 நிமிடத்துக்குச் சற்று மேல் நம் ஆண்டு நீளமானது. அந்த 23 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 62 ஆண்டுக்கு ஒரு நாளாகிறது. 2023-இல் ஆடி 18 ஆகஸ்டு 3 அன்று வந்தது. அங்கிருந்து 1805 வரை 218 ஆண்டுகள். சேரும் வித்தியாசம் மூன்றரை நாள் அளவு. சங்கிராந்தி வேளையையும் மிகுநாள்களையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வாண்டின் ஆடி முதல் தேதி ஜூலை 14-இல் விழுகிறது. ஆடிப் பதினெட்டு ஜூலை 31-இல் வந்து நிற்கிறது. சங்கிராந்தி பொழுது சாய்ந்தபின் நேர்ந்ததா, முன்பா என்பதில் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியே ஆனாலும் மக்கள் நினைவும் நூல் தேதியும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, தாங்குகின்றன. எழுத்துச் சான்று இல்லாத வாய்மொழி மரபை எள்ளி நகையாடுவோர் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

தமிழர்க்கு இது புதிய வழக்கமும் அன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் வீரனுக்குக் கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு துறைகள் வகுத்தார். அதியமான் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் உகுத்ததை ஔவையார் நெஞ்சுருகப் பாடியது புறநானூற்றில் உள்ளது. செங்கம் வட்டார நடுகற்களில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது பொறிக்கப்பட்டிருக்கும். வீரன் வீழ்ந்த நாளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்டைக் கல் காத்தது, நாளை ஊர் காத்தது. நாளையும் குறித்து வைத்த பேறு சிலப்பதிகாரத்துக்கு உரியது. மதுரை எரியுண்ட நாளை ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று இளங்கோவடிகள் திங்கள், பக்கம், திதி, நட்சத்திரம், கிழமை ஐந்தும் சேர்த்துச் சொல்கிறார். அந்நூலின் உரைபெறு கட்டுரையோ, கண்ணகிக்கு விழாவெடுத்தோர் வரிசையில் பாண்டியனுக்கு அடுத்துக் கொங்கு இளங்கோசரை வைக்கிறது. அவர்கள் தம் நாட்டில் சாந்தி செய்ததால் மழை பொய்க்கவில்லை என்கிறது. இலங்கைக் கயவாகு அரசன் ஆடித் திங்களில் விழாக்கோள் எடுத்ததும் அங்கேயே கூறப்படுகிறது. சேரனின் வஞ்சி நம் கருவூரே என்ற கொள்கையை ஏற்போர்க்கு (அடியேனும் அவருள் ஒருவன்) கண்ணகிக்குக் கல் நிறுத்திய நகரமும் கொங்கு எல்லைக்குள் வந்துவிடும்! அநீதியாய் மாண்டோரை ஆடியில் நினைப்பது இம்மண்ணின் பழைய அறம் என்று கொள்ள இவ்வளவு போதும்.

பதினெட்டாம் பெருக்கு காவிரித்தாய்க்கு உரிய மங்கல நாள். பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் பெண்கள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் ஆற்றில் விட்டு, காப்பரிசி படைத்து, புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொள்ளும் நாளில் தூக்குமேடையை நினைக்கலாமா என்று ஒரு தடை எழுப்பப்படுகிறது. இத்தடையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் நம் மரபில் மாண்ட வீரன் தீட்டுக்குரியவன் அல்லன், தெய்வம் ஆனவன். கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு ஆடி 17, 18-இல் விழா எடுக்கும்போது எவரும் மங்கலம் கெட்டதாகக் கருதுவதில்லை. மேலும், அன்றைய கும்பினியார் ஒரு பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆணையிட்டிருந்தாலும், ஆற்றுக்குப் போகாதே என்று ஆணையிட எவராலும் முடிந்திருக்காது. திருவிழாவோடு பிணைந்த நினைவுக்கு அரசாணை வேண்டுவதில்லை.

உலகம் முழுதும் ஒரே நாட்காட்டி வந்தபின் நாம் மட்டும் நகரும் நாளைப் பிடித்துக்கொண்டிருப்பதா என்பது அடுத்த வினா. உலகமே அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 11-இல் பிறந்த வாஷிங்டனுக்குப் பிறந்தநாள் பிப்ரவரி 22 ஆயிற்று. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் கொண்டாடப்பட்டது. நேபாளம் தன் மக்களாட்சி நாளை இன்றும் பால்குன 7 என்றே வைத்திருக்கிறது. 1951-இல் அது பிப்ரவரி 18, இப்போது பல ஆண்டுகளில் 19. வங்கதேசத்தார் ஒரு படி மேலே போனார்கள். 1952-இல் மொழிக்காக மாணவர் மாண்ட பிப்ரவரி 21 வங்கக் கணக்கில் பால்குன 8. பிற்காலத்தில் இரண்டும் ஒரு நாள் விலகியதால், 2019-இல் தங்கள் நாட்காட்டியையே திருத்தி மீண்டும் பொருத்தினார்கள்.

நம் அண்மைக்காலத் தியாகிகளை ஆங்கிலத் தேதியில் நினைப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. திருப்பூர் குமரன் மறைந்த ஜனவரி 11, சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946-இல் கோவைச் சிறையில் தூக்கேறிய ஜனவரி 8, மின்கட்டணப் போராட்ட உழவர்களுக்கான ஜூலை 5 ஆகிய அனைத்தும் செய்தித்தாள் காலத்து நாள்கள். ஊர் முதலில் எந்தக் கணக்கில் துக்கம் காத்ததோ அந்தக் கணக்கிலேயே நாளும் தொடர்வது முறை. 1805-இல் சங்ககிரிக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஜூலை என்ற சொல்லை அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

நம் மாதங்கள் பருவத்தை விட்டு விலகுகின்றன என்று மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955 அறிக்கையில் எச்சரித்தது உண்மையே. ஆடி ஒரு மாதம் நகர 1,800 ஆண்டுக்கு மேல் ஆகும். அக்காலத்துப் பெரியோர் அதைப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது செய்யத்தக்கது எளிது. சென்னிமலை ஆண்டவர் அருளால், இனி அச்சாகும் மலர்களிலும் நாட்டப்படும் கல்வெட்டுகளிலும் 1805 ஆடி 18 என்று முதலில் பொறித்து, ஜூலை 31 என்பதை அதன் கீழே பொறிப்போமாக. பஞ்சாங்கம் வெளியிடுவோரும் பெருக்கு என்ற குறிப்புக்குப் பக்கத்தில் தீரன் பெயரையும் சேர்க்க வேண்டுகிறேன். அதற்கு அரை வரி இடம் போதும்.