பொம்மை காருக்கு விளக்கெண்ணெய்

மணியாச்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1911 ஜூன் 17, ரயில் பெட்டி, கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதன். ஸ்டேஷனின் பெயரே வாஞ்சி மணியாச்சிதான். எனக்கு என்னவோ அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் ஆமணக்குச் செடிதான் கண்ணில் படுகிறது. கோவில்பட்டி தாண்டியதும் கரிசல் காடு. பருத்தி, மிளகாய், நடுநடுவே வரப்போரம் ஆமணக்கு. அதன் முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்தால் மேலே மிதந்து வருவது விளக்கெண்ணெய். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்தார்கள், விளக்கில் ஊற்றினார்கள். வைக்கோலைக் கருக்கிப் பொடித்து இந்த எண்ணெயில் குழைத்தால் அதுதான் வண்டி மை. மாட்டு வண்டி அச்சில் தடவுவார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரித்து இன்றும் பந்தயம் விடுகிற சீமை அது. அச்சு சூடேறினால் வண்டி ஓடாது என்பது அங்கே பொடியனுக்குக்கூடத் தெரியும்.

அதே எண்ணெய்தான், சார், அமெரிக்காவில் ஒருவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற குட்டி டிராக் ரேஸ் காருக்குள்ளும் இருக்கிறது. நம்ப மாட்டீர்கள், சொல்கிறேன்.

டிராக் ரேஸ் என்றால் வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர்கோடு. பச்சை விளக்கு எரிந்ததும் எவன் முதலில் கோட்டைத் தாண்டுகிறான் என்பதுதான் விஷயம். பெரிய கார்களுக்கு மரபான தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த பொம்மை காருக்கு 132 அடி. நம்ம தெருவில் நாலைந்து வீட்டு நீளம். பேட்டரியிலும் ஓடும். ஆனால் பைத்தியம் முற்றியவர்கள் நைட்ரோ எஞ்சின்தான் வைப்பார்கள். கொள்ளளவு பெரும்பாலும் மூன்றரை சி.சி. பக்கம். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று. பக்கத்தில் நின்றால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும்.

எரிபொருளில் மூன்று சமாசாரங்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். நைட்ரோமீத்தேனின் ரகசியம் வேடிக்கையானது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலில் உள்ள சக்தியில் கால்வாசிதான் அதில் இருக்கிறது. ஆனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே சிலிண்டரில் எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளைத் திணிக்கலாம். கணக்கு போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிய சக்தி. காமர்ஸ் படித்த எனக்கே புரிகிறது: லாப சதவிகிதம் குறைவு, வியாபாரம் அதிகம்.

இந்த வித்தையைப் பெரிய கார்க்காரர்கள் கண்டுபிடித்து, பொம்மைக்காரர்கள் காப்பியடித்தார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நடந்தது தலைகீழ். 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் டூலிங் சகோதரர்கள் என்று இருந்தார்கள். பொம்மை ரேஸ் கார் செய்வதில் மன்னர்கள். அப்போது ரிமோட் கிடையாது. நடுவில் கம்பம் நட்டு, கம்பியில் காரைக் கட்டி விடுவார்கள். செக்கு மாடு மாதிரி சுற்றும், ஆனால் மணிக்கு நூறு மைலுக்கு மேல். அவர்கள் தங்கள் எஞ்சின்களில் நைட்ரோமீத்தேன் கலந்து பார்த்திருந்தார்கள். அவர்களிடமிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டவர் விக் எடல்பிராக் என்ற மெக்கானிக். தன்னுடைய சின்ன ஃபோர்டு வி-8 எஞ்சினில் ஊற்றினார். 1950 ஆகஸ்டில் கில்மோர் ஸ்டேடியத்தில் ராட்ஜர் வார்ட் அந்தக் காரை ஓட்டி, அசைக்க முடியாதவை என்று பேர் வாங்கியிருந்த ஆஃபன்ஹவுசர் கார்களைத் தோற்கடித்தார். டிராக் ரேஸ்காரர்களையும் நைட்ரோ பிடித்துக்கொண்டது. வேகம் தாறுமாறாக ஏறியதால் அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம் 1957ல் அதைத் தடை செய்து, 1963 வாக்கில்தான் விலக்கியது. இன்றைக்கு டாப் ஃப்யூயல் கார்கள் ஆயிரம் அடியை நான்கு விநாடிக்குள் கடந்து மணிக்கு 530 கிலோமீட்டரைத் தொடுகின்றன. தாத்தா, பேரனிடம் பாடம் கேட்ட கதை.

விளக்கெண்ணெய் எங்கே வருகிறது? மெத்தனாலில் சாதாரண எஞ்சின் ஆயில் கரையாது, பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் கரையும். இதை முதலில் அனுபவித்தவர்கள் முதல் உலகப் போர் விமானிகள். நோம், லெ ரோன் என்ற சுழலும் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், ஏனென்றால் அது பெட்ரோலில் சுலபமாகக் கரையாது. எஞ்சின் அதைப் புகையோடு பின்னால் துப்பும். விமானி அதை மூச்சில் இழுத்தபடி பறப்பார். இறங்கியதும் எங்கே ஓடியிருப்பார் என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். 1909ல் வேக்ஃபீல்டு கம்பெனி தன் எண்ணெய்க்கு வைத்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். இன்றும் உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதில் குஜராத்துக்குத்தான் முதலிடம். கரிசல் காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்பார்க் ப்ளக்கும் இந்த எஞ்சினில் இல்லை. 1947ல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ ப்ளக். உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள். கிளப்ப மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரி. அப்புறம் மெத்தனால் ஆவி பட்டுப் பட்டு, பிளாட்டினம் தானே கனன்றுகொண்டிருக்கும்.

இனி ட்யூனிங். கார்புரேட்டரில் ஊசித் திருகாணி. திறந்தால் எரிபொருள் அதிகம், அதற்கு ரிச் என்று பெயர். புகை வரும், இழுவை இருக்காது. மூடினால் லீன். ஆகா, சீறும்! ஆபத்தே அங்கேதான். எரிபொருளோடுதானே எண்ணெயும் வருகிறது? ஊசியை மூட மூட எண்ணெயும் குறைகிறது. வேகம் கூடக்கூடக் காப்பு குறைகிறது. கடிகாரத்தில் ஒரு மணி நேர அளவுதான் திருப்புவார்கள், அதாவது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஓட்டிப் பார்ப்பார்கள். மறுபடி ஒரு மணி நேரம். ஆசைப்பட்டு அரைச் சுற்று மூடியவன், பிஸ்டனை டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவான்.

தலைப்பகுதியில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்ப்பது பழைய முறை. மூன்று, நாலு விநாடி கொதித்து ஆவியானால் சரி. தொட்டதும் சுர்ரென்று பறந்தால் ஊசியைத் திற. தோசைக்கல்லில் நம் வீட்டம்மா செய்வது வேறென்ன? அடுத்தது, முழு வேகத்தில் ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது. கம்பி பளபளப்பாக, ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மூடலாம். சாம்பல் பூத்து, சுருள் நெளிந்திருந்தால் லீன். ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல, ப்ளக் நிறம் பார்த்து ஜாதகம் சொல்கிற மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருந்தார். காலையில் செய்த ட்யூனிங் மதியத்துக்கு உதவாது என்பது இன்னொரு வம்பு. மணியாச்சி சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும், ஊசியை ஒரு பொட்டு மூட வேண்டும். சாயங்காலம் குளிர்ந்து காற்று கனத்ததும் திறக்க மறந்தால், கதை முடிந்தது.

இந்த விளையாட்டு நம் ஊரில் பரவாததற்கு விலை மட்டும் காரணமில்லை. மெத்தனால் பார்க்கத் தண்ணீர் மாதிரி, வாசனை சாராயம் மாதிரி. கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகும், பிறகு உயிர். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். எல்லாம் இதே சரக்குதான். தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவே 1959ம் வருட விதிகள்படி லைசென்ஸ் வேண்டும். பையன் பொம்மை கார் விடத்தான் கேட்கிறான் என்று எந்த அதிகாரியிடம் போய் விளக்குவீர்கள்? விளக்கினாலும், அந்தப் பாட்டிலை வீட்டில் பூட்டி வைக்கத் தெரியாதவனிடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஏரோமாடலிங் செய்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். கொல்கத்தாவில் தயாரான அரோரா போன்ற குட்டி டீசல் எஞ்சின்களுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து ஊற்றிப் பறக்க விட்டார்கள்.

நைட்ரோக்காரர்களுக்கு ஓட்டி முடித்த பிறகும் வேலை உண்டு. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும். ஒரு ராத்திரி அப்படியே விட்டால் பேரிங்கில் துரு. அதனால் டேங்கைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓட விட்டு, ப்ளக்கைக் கழற்றி, உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றி வைப்பார்கள். அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவுவார்கள். அந்தப் பிசுக்கு லேசில் போகாது.