தண்ணீர் பாட்டில் கேட்டவருக்கு மான் மூத்திரம்

1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை அங்கெல்லாம் மேசைக்கு முன்னால் நின்று வேண்டியதைச் சொல்ல வேண்டும். கடைப் பையன் எடுத்துக் கட்டித் தருவான். சாண்டர்ஸ் அதை மாற்றினார். வாசலில் சுழல்கதவு, கையில் கூடை, பொருளுக்குப் பொருள் விலைச் சீட்டு. உள்ளே போனவர் அலமாரிகளையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கல்லாவுக்கு வர முடியும். அந்த அமைப்புக்கு மறு வருடமே காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

கேட்காத பொருளைக் கண்ணில் காட்டி விற்கும் வித்தை இப்படிக் கைவந்தது. பொருள் கண்ணில் படும் அந்த இடத்துக்கே விலை வைப்பது 1980களில் பரவியது. புதுச் சரக்குகள் வந்து குவிய, அலமாரியில் இடம் தருவதற்கே சூப்பர் மார்க்கெட்டுகள் உற்பத்தியாளர்களிடம் பணம் கேட்டன. ஐஸ்கிரீம், பாஸ்தா உட்பட ஐந்து வகைச் சரக்குகளை ஆராய்ந்து அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு நகர்ப்பகுதியில் ஒரு நிறுவனத்தின் கடைகளுக்குள் ஒரு சரக்கை நுழைக்கச் சராசரியாக 2,313 முதல் 21,768 டாலர் வரை ஆகிறதாம். சிறு தயாரிப்பாளர் எங்கே போவார்? ஆனாலும் ஒரு வரம்பு இருந்தது. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் சோப்பை அடுக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். அலமாரி அளவானது, விற்காத சரக்கு அங்கே கிடந்தால் நஷ்டம் அவருக்கு.

இணையத் தேடலில் பழைய மேசை வியாபாரம் திரும்பி வந்தது. என்ன வேண்டும் என்பதை வாடிக்கையாளரே மறுபடி வாய்விட்டுச் சொல்கிறார். 1998இல் கலிஃபோர்னியாவில் பில் கிராஸ் தொடங்கிய ‘கோ டு டாட் காம்’ தேடல் தளம் அவர் தேடும் சொல்லையே ஏலம் விட்டது. அதிகம் கேட்டவர் பெயர் மேலே. ஒரு கிளிக்குக்கு அவர் எவ்வளவு தருகிறார் என்பதையும் பக்கத்திலேயே போட்டார்கள். அந்த நேர்மை பிறகு வந்த பலருக்கு வரவில்லை. ஓவர்ச்சர் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனத்தை 2003இல் யாஹூ சுமார் 163 கோடி டாலருக்கு வாங்கியது.

2012 வாக்கில் அமேசானும் தன் தேடல் பக்கத்தில் விற்பனையாளர்களுக்கு இடம் விற்க ஆரம்பித்தது. இங்கே சரக்கை அடுக்க வேண்டியதில்லை. பொருத்தமில்லாத விளம்பரம் கடையின் இடத்தை அடைக்காது. வாடிக்கையாளரின் நேரத்தைத்தான் தின்னும்.

2023 செப்டம்பரில் அதே கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 17 மாநிலங்களுடன் சேர்ந்து அமேசான்மேல் வழக்குப் போட்டது. சம்பந்தமில்லாத விளம்பரங்களை அமேசானுக்குள்ளேயே ‘குறைபாடு’ என்றுதான் குறிப்பிட்டார்கள். இருந்தும் அவற்றை இன்னும் அதிகமாக அனுமதிக்கும்படி அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் சொன்னார் என்கிறது மனு. தண்ணீர் பாட்டில் தேடியவருக்கு முதல் விளம்பர இடத்தில் ஆண் மான் மூத்திரம் வந்த கதையும் அதில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் மானை இழுக்கத் தெளிக்கிற சரக்கு அது. காட்டுக்குப் போகிறவருக்குத் தண்ணீரும் தேவைப்படும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கலாம்!

குற்றச்சாட்டுகளை அமேசான் மறுக்கிறது. 2024இல் விளம்பரத்தால் மட்டும் அதற்கு வந்த வருவாய் சுமார் 5,600 கோடி டாலர்.