விடுதலை எழுதிய சுவர்

அல்பேனியாவின் தென்கோடியில், அயோனியக் கடலைப் பார்த்த மலைச்சரிவில் அமைந்திருக்கிறது சரண்டா. கோடைக் கூட்டம் கலைந்துவிட்டால் ஊர் அடங்கிவிடும். மாலையில் ஊரார் குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் உலாவுவார்கள். எதிரே நீலமாய் நீண்டு கிடப்பது கிரேக்க நாட்டுக் கோர்ஃபு தீவு. நிலவழி எல்லையும் தொலைவில் இல்லை. ஊரின் பெயரும் எல்லை தாண்டி வந்ததே. மலைமேல் இருந்த நாற்பது புனிதர் மடத்தால் அமைந்த பெயர் அது. ‘சரண்டா’ என்றால் கிரேக்கத்தில் நாற்பது.

இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் புட்ரிண்ட். ஏரிக்கும் கடலுக்கும் இடையே, விவாரி என்னும் கால்வாய் வளைந்தோடும் கரையில், மரங்கள் அடர்ந்த சிறு குன்று அது. கிரேக்கர், ரோமர், பைசாந்தியர், வெனிசியர் என ஒருவர்பின் ஒருவராக அங்கே கட்டினார்கள். இத்தாலியத் தொல்லியலாளர் லூயிஜி உகோலினி 1928-இல் அகழாய்வைத் தொடங்கினார். 1992-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1997-இல் நாட்டில் கலவரம் மூண்டு அருங்காட்சியகம் சூறையாடப்பட, அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2005-இல் அதிலிருந்து மீண்டது.

அந்தப் பழைய நகரம் இருந்த நிலம் தாழ்ந்து, நிலத்தடி நீர் உயர்ந்துவிட்டது. கல் அரங்கின் ஆடுகளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கூத்து நடந்த இடத்தில் இப்போது ஆமைகள் நீந்துகின்றன. 6-ஆம் நூற்றாண்டுத் திருமுழுக்கு மண்டபத்தின் வண்ணக்கல் தளத்தை ஈரத்திலிருந்து காக்க, பெரும்பாலும் மணலால் மூடியே வைக்கிறார்கள்.

ஆயினும் புட்ரிண்டின் பெருஞ்செல்வம் எது என்று கேட்டால், அரங்கின் நுழைவழிச் சுவரைத்தான் காட்டுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கல். கிட்டே சென்று, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உற்றுப் பார்த்தால், விரல் நகத்தளவு கிரேக்க எழுத்துகள் வரிவரியாக எழுந்து வரும். அவை அடிமைகளுக்கு விடுதலை அளித்த ஆவணங்கள். அந்த ஆண்டு அதிகாரி யார், பூசாரி யார், விடுவித்தவர் யார், விடுதலை பெற்றவர் யார் என்று அவை சொல்கின்றன. விடுவித்தவர்களில் பெண்களும் உண்டு. அரங்கை ஒட்டியே மருத்துவக் கடவுள் அஸ்கிளேபியசின் கோயில். அடிமையை அக்கடவுளுக்கு உரியவராக்கி விடுவிப்பது அக்கால வழக்கம். ஊர் கூடும் இடத்தில் கல்லில் வெட்டிய சொல்லை நாளை யாரும் மறுக்க முடியாது. அரசர்களின் வெற்றிகளைச் சொல்லும் கற்கள் உலகெங்கும் உண்டு. விடுதலை பெற்ற எளியவர்களின் பெயர்களை நூற்றுக்கணக்கில் காத்துத் தந்த கற்கள் அரியவை.

ரோமக் கவி வர்ஜில் தம் ‘ஈனியிட்’ காவியத்தின் மூன்றாம் நூலில் டிராய் வீரன் ஈனியாசை இவ்வூருக்குத்தான் அழைத்து வருகிறார். டிராய் வீழ்ந்தபின் அடிமையாகக் கொண்டு செல்லப்பட்ட அந்திரோமக்கி, இங்கே இன்னொரு சிறு டிராயில் வாழ்வதை அவன் காண்கிறான். சிறைப்பட்டவர் மறுவாழ்வு பெறும் ஊர் என்ற எண்ணம் காவியத்திலும் கல்லிலும் ஒன்றாகவே படிந்திருக்கிறது.

இதே கரை அதற்கு நேர்மாறான காலத்தையும் கண்டது. அல்பேனியாவை ஆண்ட கம்யூனிசத் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சியில் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவது தேசத்துரோகம். கண்ணெதிரே தெரிந்த கோர்ஃபுவுக்கு இரவில் நீந்திச் சென்றவர்களில் சிலர் கரை சேர்ந்தார்கள், சிலர் சுடப்பட்டார்கள், சிலர் கடலோடு போனார்கள். அந்தக் காலத்தில் கட்டிய கான்கிரீட் பதுங்குகுழிகள் இன்றும் நாடெங்கும் கிடக்கின்றன.

ஆகவே, புட்ரிண்ட் செல்பவர்கள் அரங்கைப் படம் பிடித்ததோடு திரும்பிவிட வேண்டாம். அந்தச் சுவரின் முன் சற்று நேரம் நில்லுங்கள். பிறகு சரண்டா துறைக்கு வாருங்கள். அன்று உயிரைப் பணயம் வைத்துக் கடந்த அந்த நீரை, இன்று ஒரு பயணச்சீட்டு வாங்கி, விரைவுப் படகில் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம்.