குரத்தியும் குறத்தியும்

வானம் தெளிந்த காலையில் திண்டுக்கல்லை அடுத்த அகரத்திலிருந்து தென்கிழக்கே பார்த்தால், திண்டுக்கல் கோட்டைப் பாறைக்கும் அப்பால் சிறுமலை நீலமாகப் படுத்திருக்கும். திண்டுக்கல் சந்தைக்கு மலைவாழைத் தார் இறங்கிவரும் மலை அது. அந்த வாழைக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. மலையின் பெயரோ அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலேயே அது வழிகாட்டும் அடையாளமாக வந்துவிடுகிறது. மதுரைக்கு நடந்துகொண்டிருக்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பாளூர் ஏரிக்கரையைத் தாண்டினால் மூன்று வழி பிரியும். வலப்பக்க வழியில் போனால் வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த பாண்டியன் சிறுமலை தெரியும். அதை வலப்புறம் வைத்துக்கொண்டு நடந்தால் மதுரை. இன்றைய கணக்கில் இது நத்தம் பக்கத்துப் பாதையாக இருக்கலாம்.

அந்த வழியைக் கோவலன் எடுக்கவில்லை. மறையோனுக்கு உண்மையில் இடப்பக்க வழியின் மேல்தான் ஆசை. அங்கே திருமால் குன்றத்தில் மூன்று பொய்கைகள். ஒன்றில் குளித்தால் இந்திரன் செய்த இலக்கணம் கைவரும், இன்னொன்றில் முற்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று அடுக்குகிறான். பதில் சொல்வது கோவலன் இல்லை, கூட வரும் முதிய சமணத் துறவி கவுந்தியடிகள். இந்திரன் இலக்கணம் எங்கள் ஆகமத்திலேயே இருக்கிறது. போன பிறவியில் செய்ததை இந்தப் பிறவியின் வாழ்வைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பொய் சொல்லாமல், உயிரைக் கொல்லாமல் வாழ்கிறவருக்குக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது? மூன்று குளத்துக்கும் மூன்று கேள்வி. அத்தோடு மறையோனுக்கு விடைகொடுத்து அனுப்பிவிடுகிறார்.

தமிழ் இலக்கியத்தில் ஒரு பெண் துறவி இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிற்கும் இடங்கள் குறைவு. புகாருக்கு வெளியே காவிரிக் கரைச் சோலையில் கவுந்தியின் பள்ளி. தோளில் உறியும் கையில் பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியுமாகப் புறப்படுகிறார். பீலி, வழியில் எறும்பும் புழுவும் மிதிபடாமல் ஒதுக்குவதற்கு. மதுரை 30 காதம். வயதான காலத்தில் இத்தனை தூரம் ஏன் என்றால், தென்திசைப் பெரியோரிடம் அறவுரை கேட்கப் பல நாளாக ஆசை என்கிறார். வழியில் கோவலனையும் கண்ணகியையும் கேலி பேசிய இருவரைப் பன்னிரண்டு மாதம் நரியாகத் திரியும்படி சபிக்கிறார். எறும்புக்குப் பீலி ஏந்தியவர் இங்கே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். கண்ணகியும் கோவலனுமே நடுங்கிப்போய் அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். மதுரைக்கு வெளியே ஆய்ச்சி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்தவரும் இவர்தான். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார் என்பதை, பல காதைகள் கழித்து மாடலன் என்ற மறையோன் வாயிலாகத்தான் கேள்விப்படுகிறோம்.

காப்பியப் பாத்திரம் வரலாறு ஆகாது. ஆனால் கவுந்தியைப் போன்ற பெண்கள் பாண்டிய நாட்டில் உண்மையாகவே இருந்தார்கள். அவர்கள் பெயர் பாறையில் இருக்கிறது.

அந்தப் பெயரைச் சரியாகப் படிப்பதற்கு ஓர் எழுத்தில் கவனம் வேண்டும். குரவர் என்றால் ஆசிரியர், பெரியோர். சைவத்தில் சமயக்குரவர் நால்வர் என்கிறோமே, அந்தக் குரவர். அதன் பெண்பால் குரத்தி. மரியாதை சேர்த்தால் குரத்தியார், குரத்திகள். வல்லின றகரம் போட்டால் குறத்தி. அவள் மலைமகள், குறவஞ்சியில் குறி சொல்ல வருகிறவள். பேச்சில் இரண்டு எழுத்துக்கும் வேறுபாடு மங்கிவிட்ட தமிழ்நாட்டில், குறத்தி மேடையிலும் திரையிலும் ஆடிப்பாடி நிலைத்துவிட்டாள். குரத்தி பாறையோடு நின்றுபோனாள்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், கூடற்குரத்தியார், நால்கூர்க் குரத்திகள் என்று பெண் ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இன்னார் மகள், இன்னார் மனைவி என்ற அடையாளம் இவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்று, இன்னார் மாணாக்கி, இன்னாருக்கு ஆசிரியர் என்ற வழி ஒன்று. குரத்தியரிடம் ஆண்களும் மாணாக்கராக இருந்திருக்கிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் அங்கே படாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. இவர் பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி.

வந்தவாசிக்குப் பக்கத்து வேடலில் கிடைத்த கல்வெட்டு இன்னும் சுவையானது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 885 வாக்கில் எழுதியது. அங்கே குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். பள்ளிக்குள் ஏதோ பூசல். ஒரு பக்கம் ஐந்நூறு பேர், மறுபக்கம் நானூறு பேர் என்று எண்ணிக்கை வருகிறது. யார் எந்தப் பக்கம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. முடிவில் ஊரார், குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவிட்டுப் பேணுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். துறவிகள் என்றால் மரத்தடியில் ஒருவர் இருவராக மௌனத்தில் இருந்திருப்பார்கள் என்ற படம் இந்த ஒரு கல்வெட்டில் கலைந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் தங்கிப் படித்து, சண்டையும் போட்ட இடம் அது.

இதில் ஒரு முரண் உண்டு. தென்னாட்டில் வேரூன்றியது திகம்பரச் சமணம். பெண் உடலோடு வீடுபேறு இல்லை, ஆணாகப் பிறந்துதான் அடையவேண்டும் என்பது அதன் கொள்கை. சுவேதாம்பரரோ பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லியே பெண்தான் என்பார்கள். வீடுபேறு இல்லை என்று சொன்ன மரபிலேயே பெண்கள் ஆசிரியராகிச் சிலை நிறுவிப் பெயரும் பொறித்துக்கொண்டார்கள் என்றால், ஏட்டில் இருந்த கொள்கை வேறு, ஊரில் நடந்த நடைமுறை வேறு என்றுதான் கொள்ளவேண்டும்.

பாறையில் இருந்தவர்கள் மறைந்தார்கள். ஏட்டில் இருந்தவர்கள் அச்சேறினார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். சிந்தாமணியில் அரசி விசயை துறவு பூணுகிறாள். மணிமேகலையில் மாதவி பௌத்தத் துறவியாகிறாள்; மகள் அமுதசுரபியோடு ஊர் ஊராகப் பசி தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனைக் கேட்டுப் பெறுகிறாள். அச்சிலிருந்து மேடைக்கும் திரைக்கும் வர நெடுங்காலம் ஆகவில்லை.

திரைக்கு வரும்போது துறவு கொஞ்சம் உதிர்ந்துவிடுவதும் உண்டு. பத்ரா குண்டலகேசி, புத்தர் காலத்துப் பிக்குணியாகப் பாலி நூல்கள் போற்றும் பெண். கொல்ல நினைத்த கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டு, ஊர் ஊராக வாதம் செய்து, கடைசியில் பௌத்தத்தில் சேர்ந்தவர். அவர் கதையைச் சொன்ன தமிழ்க் காப்பியம் குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அதற்கு மறுப்பாகச் சமணர் எழுதிய நீலகேசி, வாதாடும் ஒரு பெண்ணையே நாயகியாக்கியது. குண்டலகேசியின் கதைத்துண்டை எடுத்துக் கருணாநிதி எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. அந்த மலையுச்சிக் காட்சியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. வாதத்தில் பண்டிதரை வென்ற பிக்குணியை எத்தனை பேருக்குத் தெரியும்?

திரையில் துறவிப் பெண் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் குரல் ஒன்றே, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுடையது. 1940இல் ‘மணிமேகலை’ படத்தின் நாயகி. 1953இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’. பௌத்தம், சமணம், சைவம் என எந்தச் சமயமானாலும் இல்லறத்துக்கு வெளியே நின்ற பெண்ணுக்குத் தமிழ்த் திரை அவரையே அழைத்தது. அதற்குக் குரல் மட்டுமா காரணம்? 1933இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். அவர் துறவி வேடம் போட்டபோது, வேடத்துக்கும் ஆளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதாகக் கொட்டகையில் இருந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்றைய திண்டுக்கல்லில் பெண் துறவி என்றால் சிஸ்டர்தான். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் பார்க்கும் முகம். ஏட்டுச்சொல் கன்னியாஸ்திரி, பேச்சில் அதை யாரும் விளிச்சொல்லாக வைத்துக்கொள்வதில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தரவென்றே, 1844இல் புதுச்சேரியில் துய்புய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு மரியாளின் மாசற்ற இதய சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. தமிழ் மண்ணில் வீட்டையும் திருமணத்தையும் விட்டு வந்த பெண்கள் மறுபடி ஆசிரியராக உட்கார்ந்தது அங்கே. படிப்பிடத்துக்குப் பள்ளி என்ற பேரே சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்திலிருந்து வந்தது என்பார்கள். கான்வென்ட் என்று நாம் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறோமே, அதற்கும் மூலப்பொருள் துறவியர் மடம்தான். ஆயிரம் ஆண்டு இடைவெளியில், இரண்டு வேறு மொழியில், ஒரே வகைப் பெயர் மாற்றம்.

குரத்தியரின் காலத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. பழநியிலிருந்து கொழுமம் போகும் வழியில், பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் ஐவர்மலை. ஐவர் என்றால் பஞ்சபாண்டவர், வனவாசத்தில் இங்கே தங்கினார்கள் என்பது ஊர்க்கதை. மலைமேல் குழந்தை வேலப்பரைக் கும்பிடப் போகிறவர்கள் இயற்கைக் குகையின் முகப்புப் பாறையில் வரிசையாக இருக்கும் 16 சமணத் திருமேனிகளைக் கடந்துதான் போகிறார்கள். கல்வெட்டு இந்த இடத்தைத் திருவயிரை என்கிறது. சக ஆண்டு 792, கி.பி. 870, இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. பாண்டியர் காலவரிசையை நிலைநிறுத்த உதவிய கல்வெட்டு என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், அங்கிருந்த பார்சுவநாதரையும் இயக்கியர் என்ற பெண் தெய்வங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்தார் என்பது செய்தி.

இயக்கியரை அந்தக் கல்வெட்டு அவ்வைகள் என்கிறது. பொன்னின் வட்டி எதற்கென்றும் சொல்கிறது: குறைவில்லாத படையலுக்கும், அங்கே தங்கும் ஓர் அடிகளுக்குச் சோற்றுக்கும். அடிகள் என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால், பெண்பால் கிடையாது. இளங்கோவும் அடிகள், கவுந்தியும் அடிகள். ஐவர்மலையில் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர் கையில் பீலி இருந்திருக்கும். அவர் குரவரா குரத்தியா என்று எழுத, கல் கொத்தியவருக்கு வேண்டியிருக்கவில்லை.