ராயக்கோட்டை மேகங்கள்

ராயக்கோட்டை என்றதும் இன்று வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது தக்காளி. ஓசூரிலிருந்து தர்மபுரிக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் வருவது மலை. மலை என்றால் பச்சைப் பசேலென்று குளிர்ந்து கிடக்கும் மலை அல்ல, மொட்டைப் பாறை. உச்சியில் இடிந்த கோட்டை. பாரமகால் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறுகிற வழியை இந்தப் பாறை காவல் காத்தது. ஆகையால் யுத்தம் வந்த போதெல்லாம் அதற்குக் கிராக்கியும் வந்தது. 1791-ல் மேஜர் கௌடி என்பவரின் கும்பினிப் படை திப்புவின் ஆட்களிடமிருந்து அதைப் பிடித்தது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிற்று.

நான் எழுத வந்தது யுத்தத்தைப் பற்றி அல்ல. அந்த மலையை ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் துடைத்து எடுத்ததைப் பற்றி.

ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். சரித்திர பாடம் நடத்தும் டீச்சர் எனக்குத் தெரிந்தவர். "சார், ஒரு நாள் வந்து எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பைப் பாருங்கள். கதை எழுதுகிறவர்களுக்கு உபயோகப்படும்" என்று அழைத்தார். பள்ளியின் பெயரும் டீச்சரின் பெயரும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. ஒப்புக்கொண்டு போனேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், மூன்று பேர். பாடம் தமிழில் நடக்கிறது. கசமுசா என்று பேச்சு மட்டும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நடக்கிறது. இரண்டொரு மூலையில் ஹிந்தியும் கேட்டது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த 1970-களுக்குப் பிறகு எந்த ஊரிலிருந்தெல்லாமோ ஆள் வந்து தங்கிய வட்டாரம் அல்லவா? எல்லாப் பாஷைக்கும் நடுவில் திரையில் நின்றது ஒரே படம், ராயக்கோட்டை மலை. டீச்சர் தம் கைப்பேசியில் எடுத்தது.

அவர்கள் உபயோகித்த கருவியின் பெயர் ஃபோட்டோபியா. இவான் குட்ஸ்கிர் என்ற இளைஞர் 2013-ல் வெளியிட்டது. அதைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. இணையத்தில் அதன் பக்கத்தைத் திறந்தால் போதும், பட்டறை தயார். படம் வெளியே எங்கும் போகாமல் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே திருத்தப்படுகிறது. நிறுவுவதற்கு அனுமதி வாங்க நாலு கடிதம் எழுத வேண்டிய பள்ளிக்கூடங்களுக்கு இது எத்தனை பெரிய வரப்பிரசாதம் என்று டீச்சர் சொன்னார்.

பாடம் இதுதான். மலையின் இன்றைய படத்தின் மேல், 1792-ல் டேனியல்கள் என்ற இரண்டு ஆங்கிலேயச் சித்திரக்காரர்கள் வரைந்த ராயக்கோட்டைப் படத்தை ஓர் அடுக்காக வைப்பது. மேல் அடுக்கைக் கண்ணாடி போல் மெலிதாக்கினால் கீழே இருப்பது தெரியும். இரண்டு நூற்றாண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நிற்கும். பிறகு இன்றைய படத்தில் உள்ள புதிய சாமான்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பழைய ராயக்கோட்டையாக மாற்ற வேண்டும். நீக்குவதற்கு 'குளோன்' என்று ஒரு முத்திரை. பக்கத்திலிருந்து கொஞ்சம் புதரைக் கிள்ளி மின்கம்பத்தின் மேல் அப்பினால் கம்பம் இருந்த இடம் தெரியாது. பையன்கள் இதில் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தபோது, மின்சார வாரியம் இவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு படங்களும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பக்கம் பொருத்தினால் மறு பக்கம் நழுவியது. "டீச்சர், வெள்ளைக்காரன் தப்பா வரைஞ்சிருக்கான்" என்றான் ஒரு பையன். "நீங்க போட்டோ எடுத்த இடம்தான் தப்பு டீச்சர்" என்றாள் ஒரு பெண். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்தார்கள். தப்பித்துக்கொள்ள வேண்டி, டேனியல்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ஆம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்த வழியாக வந்தார்கள். யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சீமையில் எல்லோருக்கும் திப்புவின் மலைக்கோட்டைகளைப் பார்க்க ஆசை. ஓசூர், ராயக்கோட்டை, ஜகதேவி என்று நம் ஊர்கள் அவர்களுடைய சித்திரங்களாயின. அவர்களிடம் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. பெட்டியின் கண்ணாடி வழியாக மலையின் நிழல் காகிதத்தில் விழும். அதன் மேல் பென்சிலை ஓட்ட வேண்டியது. ஆகவே மலையின் வடிவம் ஓரளவு நிஜமாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பென்சில் கோடு லண்டனுக்குப் போய்ச் செப்புத் தகட்டில் ஏறி, அச்சாகி, வர்ணம் பூசப்படுவதற்குள் பல வருஷங்கள் கடந்துவிட்டன. 'ஓரியண்டல் ஸீனரி' என்ற அவர்களுடைய 144 படங்களும் வெளிவந்து முடிய 1795-லிருந்து 1808 வரை ஆயிற்று. லண்டன் வீட்டுக்குள் உட்கார்ந்து கொண்டு ராயக்கோட்டை வெயிலை ஞாபகப்படுத்துவது சுலபமா? முன்புறத்தில் ஒரு மரம், நாலு மனிதர்கள், ஒரு மாடு என்று வைத்தால் மலையின் பிரம்மாண்டம் எடுபடும். அந்தக் காலத்துச் சித்திரக்காரர்களுக்கு அது பொய் அல்ல, தொழில் தர்மம்.

"அப்ப கேமராவில் எடுத்த படம்தான் நிஜம், இல்லையா சார்?" என்று கேட்டான் முதல் பையன்.

அங்கேதான் கதையின் அடுத்த திருப்பம். உங்களில் பலரும் அந்தப் பையனைப் போலவே நினைத்திருப்பீர்கள். பத்திரிகை படிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் ஸார் படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. எங்கள் காலத்தில் போட்டோ என்றால் சத்தியம்." அவருடைய கல்யாணப் படத்திலேயே அம்மைத் தழும்பை ஸ்டூடியோக்காரர் பென்சிலால் மறைத்திருப்பார் என்பது என் சந்தேகம். கேட்கவில்லை.

லினேயஸ் டிரைப் என்று ஒரு காப்டன் இருந்தார். சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்தவர், பெங்களூரில் இருந்தவர். 1856-ல் சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக அவரை நியமித்தார்கள். 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்காத சமயத்தில், அவர் பெங்களூரிலிருந்து தெற்கே பிரயாணம் கிளம்பினார். கேமரா என்றால் சட்டைப் பையில் போடுவதா? பெட்டி பெட்டியாக ரசாயனம். ஓரடிக்கு மேல் நீளமான காகித நெகட்டிவ்கள். எல்லாவற்றையும் இழுக்க வண்டிகள். சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858-ல் வரிசையாகப் படத் தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் ஒன்றின் தலைப்பே 'ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் வேறு இடங்களும்' என்பது! தக்காளிக்கும் ரயிலுக்கும் முன்னால் நம் ராயக்கோட்டை ஒரு புத்தகத்தின் முகப்பில் ஏறிவிட்டது.

இந்த டிரைப் துரைக்கு ஒரு சங்கடம் இருந்தது. அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் அலாதிப் பிரியம். தரையைப் பிடிக்கும் வரை திறந்து வைத்தால், வானம் அளவுக்கு மீறி ஒளியைக் குடித்துவிடும். அச்சில் பார்த்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதம். மேகம் இருந்ததா என்பதே தெரியாது. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேல் வர்ணம் தீட்டினார். வர்ணம் பட்ட இடத்தில் ஒளி தடைப்படும். அச்சில் அந்த இடம் வெளுத்து மேகமாகும். மரத்தின் இலைகள் கறுத்துக் கட்டியாகிவிட்டால் அங்கும் அதே வைத்தியம். அவருடைய நெகட்டிவ்கள் சில லண்டன் காட்சிச்சாலையில் இன்றும் இருக்கின்றன. தூரிகையின் வேலை அவற்றில் அப்படியே தெரிகிறது.

தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் எடுத்தது இன்னும் விசேஷம். ஒரே படத்தில் அடங்காத நீளச் சுவர். நகர்ந்து நகர்ந்து 21 படங்கள் எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். இன்று கைப்பேசியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திருப்பினால் முடிகிற காரியம்!

தொழில் நீடிக்கவில்லை. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், கஜானா இருக்கிற நிலையில் இது வேண்டாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். டிரைப் பட்டாள உத்தியோகத்துக்குத் திரும்பி, ஓய்வு பெற்று, 1902-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அதற்குப் பின் எத்தனையோ நடந்திருக்கிறது. ஸ்டாலினுக்கு வேண்டாதவராகிச் சுடப்பட்ட யெஷோவ், கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்ற படத்திலிருந்தே மறைந்து போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடிற்று. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' தன் அட்டைக்குள் அடக்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்தது. அவை நகர்ந்ததை உலகம் கண்டுபிடித்துக் கூச்சலிட்டது. அப்போது ஃபோட்டோஷாப் பிறக்கவில்லை. அது கடைக்கு வந்தது 1990-ல்தான்.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொன்னேனா என்றால், இல்லை. யெஷோவை விட்டுவிட்டேன். மேகத்தை மட்டும் சொன்னேன். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. "வானத்துக்கே டச்-அப் பண்ணியிருக்கார்டா!" என்று ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்கிப் பிள்ளைகள் மறுபடி வேலையில் இறங்கியபோது, கடைசி வரிசையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவள் மட்டும் முத்திரையை அழுத்திக் கொண்டிருந்தாள். கம்பங்கள் போயின. கைப்பேசிக் கோபுரம் போயிற்று. மலையடிவாரத்தில் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகப் புதராகிக் கொண்டே வந்தன. நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு கூரையின் மேல் முத்திரை வந்தபோது, சும்மா இருந்தவள் சட்டென்று மௌஸைப் பிடித்துக் கொண்டாள்.

"என்னம்மா?" என்று டீச்சர் அருகில் போனார்.

"டீச்சர், அது எங்க வீடு."

டீச்சர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கைப்பேசிப் படத்தில் அது ஒரு கடுகளவு நீலம். ஒடிஸாவிலிருந்து வந்த குடும்பமாம். அப்பாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சுமை தூக்கும் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இவ்வளவு தூரம் தள்ளி வந்து குடியேறியவர்கள். அந்தப் பெண் பேசிய தமிழ் சுத்தமான ராயக்கோட்டைத் தமிழ்.

"சும்மா பாடத்துக்குத்தானே? நிஜமா எடுக்கப் போறமா?" என்றாள் பக்கத்துப் பெண்.

அவள் மௌஸை விடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அப்போது டிரைப்பின் ஞாபகம்தான் வந்தது. அவருடைய காகித நெகட்டிவ் ஒளியைக் குடிக்க நிமிஷக்கணக்கில் ஆகும். அதற்குள் குறுக்கே நடந்து போகிறவன், தண்ணீர் சுமக்கிறவள், மாடு ஓட்டுகிற பையன் யாரும் படத்தில் நிற்க மாட்டார்கள், கரைந்து போவார்கள். கோவிலும் கோட்டையும் அசையாமல் நிற்பதால் பதியும். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு, பழைய நாட்டில் கல் மட்டும்தான் இருந்தது போலும் என்று நான்கூட ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. 1792-ல் அந்த அடிவாரத்தில் குடிசை இருக்கவில்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கோட்டை இருந்தால் சிப்பாய் இருப்பான். சிப்பாய் இருந்தால் அவனுக்கு நெல் குத்துகிறவள் இருப்பாள். அவள் வீட்டைத்தான் டேனியல் வரைய மறந்தாரோ என்னவோ.

டீச்சர் கெட்டிக்காரர். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. கரும்பலகைக்குப் போய், பாடத்தில் இன்னொரு வரி சேர்த்து எழுதினார்: படத்தின் அடியில், எதை எடுத்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். எடுக்க மனமில்லாததை எடுக்க வேண்டாம்.

"எல்லாத்தையும் எழுதணுமா டீச்சர்? புதருக்கும் கணக்கா?" என்று பையன்கள் முனகினார்கள். எழுதத்தான் வேண்டும் என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் அச்செடுத்த படங்களின் நகல்களை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு பையன், 'மின்கம்பம் 7, கோபுரம் 1, லாரி 2, விளம்பரப் பலகை 1, ஆடு 1 (தெரியாமல் போய்விட்டது)' என்று எழுதியிருந்தான். இன்னொருவன் கோட்டைக்குக் கொடி ஏற்றி, 'கொடி நான் வைத்தது, எந்த ராஜா என்று தெரியாது' என்று குறித்திருந்தான். கடைசி வரிசைப் பெண்ணின் படத்தில் கம்பமும் கோபுரமும் அப்படியே நின்றன. நீலக் கூரையும் இருந்தது. மலைக்கு மேலே, அன்று வெயிலில் வெளுத்துக் கிடந்த வானத்தில், பஞ்சுப் பொதி போல் இரண்டு மேகங்கள். அடியில் எழுதியிருந்தாள்: 'எதையும் எடுக்கவில்லை. மேகாம் மட்டும் நான் போட்டது.'

மேகத்துக்கு ஒரு கால் அதிகம். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.