பாத்திரம் துலக்கிய சரித்திரம்

தமிழ்நாட்டுச் சமையலறையின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், அங்கே சமைக்கப்பட்ட பதார்த்தங்களைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுகிறார்களேயன்றி, சமையல் முடிந்தபின் கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் குந்தி உட்கார்ந்து பற்றுப் பாத்திரம் தேய்த்த ஸ்திரீகளின் பிரயாசையை ஒரு வரியிலேனும் குறிப்பது அபூர்வம். அந்தப் பிரயாசையே குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் காத்து நின்றது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பித்தளையும் செம்பும் புளிப்பைப் பொறுக்காத லோகங்கள். ரசமும் மோரும் சிறிது நேரம் கூடுதலாகத் தங்கிவிட்டாலும் அவற்றில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய பண்டம் வயிற்றைப் புரட்டிக் குமட்டலெடுக்கச் செய்யும். ஆகையால் துலக்குதல் என்பது அக்காலத்தில் அழகுக்காகச் செய்த காரியமன்று, உயிருக்காகச் செய்தது. புளியின் அமிலம் செம்பின் மேல் படிந்த கறுப்பைக் கரைத்தது. விறகுச் சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு கூடித் தானே ஒருவகைச் சவர்க்காரமாயிற்று. செங்கற்பொடியும் தேங்காய் நாரும் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தன. ரசாயனம் படிக்காத கைகள் தலைமுறை தலைமுறையாக இதைச் சரியாகவே செய்துவந்தன.

வெளிப்புறத்துக்குப் புளி போதும். உட்புறத்துக்கு ஈயம் பூசுகிறவர் வரவேண்டும். அவர் தெருவோரத்தில் சிறு குழி தோண்டிக் கரியை நிரப்பித் துருத்தியால் ஊதிக் கனல் மூட்டுவார். பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அதன் மேல் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, பதம் வந்த கணத்தில் நவச்சாரப் பொடியைத் தூவ, நாசியைத் துளைக்கும் வெண்புகை எழும். அது அடங்குமுன் வெள்ளீயத்தை உள்ளே ஒற்றி, உருகியதைப் பழந்துணிச் சுருளால் சுழற்றித் தேய்த்தாரானால், கறுத்துக் கிடந்த உட்புறம் முழுவதும் பளீரென்று வெளுத்துவிடும். அந்தப் பூச்சும் நாளடைவில் தேய்ந்துபோகும். மறுபடி அவர் குரலுக்காகக் காத்திருக்கவேண்டியதுதான்.

இந்தப் பாரத்தை இறக்கிவைத்த லோகம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் யுத்தத் தளவாட ஆராய்ச்சியின் இடையே தோன்றியது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1913-ஆம் ஆண்டில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் அரித்துப்போகாதிருக்க வழி தேடுகையில், நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் சேர்ந்த எஃகொன்றை உருக்கினார். பரிசோதனைக்காக அமிலத்தைத் தடவிப் பார்த்தபோது அது மசியவில்லை. எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அதன் முன் தோற்றன. கத்திகளுக்குப் பெயர்போன அந்த ஊரில் பிறந்தவராதலால், சாப்பாட்டு மேஜைக் கத்திக்கு இது ஏற்றது என்று அவருக்கு உடனே பட்டது. ஜெர்மனியிலும் அதே காலத்தில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்து இத்தகைய எஃகைச் செய்திருந்தார்கள். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு நெருங்கிய மூதாதை இதுவே.

நம் நாட்டில் இந்த எஃகு எவர்சில்வர் என்ற பெயரில் மெல்லத்தான் நுழைந்தது, நுழைந்தபின் வெளியேறவேயில்லை. கலியாணச் சீரில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் அது இடம் பிடித்தது. பெயர் வெட்டிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் பிரயாணம் செய்தது. பழைய பட்டுப்புடவைக்கும் கால்சட்டைக்கும் பண்டமாற்றாகத் தெருவியாபாரியின் கூடையிலிருந்து இறங்கியது. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஈயம் பூசுகிறவரின் குரல் தெருக்களில் அருகிப்போயிற்று.

ஆனால் பாத்திரம் மாறிய வேகத்தில் கையின் பழக்கம் மாறவில்லை. எவர்சில்வரைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றின் பிராணவாயுவோடு கூடி உண்டாக்கும் ஒரு படலம். அது ஒரு மயிரிழையின் கனத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். இத்தகைய லோகத்தைச் சாம்பலும் மணலும் இரும்பு நாரும் கொண்டு தேய்ப்பது, செம்புக்குச் செய்த சிகிச்சையை இதற்கும் செய்வதேயாகும். படலம் மூடிக்கொண்டாலும் லோகத்தில் விழுந்த கீறல்கள் நிலைத்துவிடும், இரும்பு நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்க, பழி எவர்சில்வரின் தலையில் விழும். உப்பு அதற்கு மெய்யான சத்துரு. ஈரம்பட்ட உப்பு நெடுநாள் கிடந்த டப்பாவின் அடியில் குண்டூசி முனையளவு குழிகள் விழுந்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். பிளீச்சிங் பவுடரும் அதே தீங்கைச் செய்யும்.

இன்று குளிர்சாதனப்பெட்டியின் கதவிலும் அடுப்பின் மேல்தகட்டிலும் நம்மைத் தொந்தரவு செய்வது களிம்பன்று, விரல்ரேகை. வியர்வையும் எண்ணெயும் அந்தத் தகட்டின் நுண்ணிய கோடுகளில் தங்கி ஒளியை மாற்றிக் காட்டுகின்றன. அதனால் விஷமேதும் இல்லை. முன்னோர் துலக்கியது ஆரோக்கியத்துக்காக, நாம் துடைப்பது பெரும்பாலும் பார்வைக்காக. ஆகவே அந்தப் பழைய ஆவேசம் இங்கே வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, தகட்டின் கோடுகள் ஓடும் திசையிலேயே துடைத்து, நல்ல நீரால் ஒருமுறை ஒற்றி, உலர்ந்த துணியால் ஈரத்தை வாங்கிவிடுங்கள். புளியையும் சாம்பலையும், வீட்டில் இன்னும் மிஞ்சியிருக்கும் குத்துவிளக்குக்கும் செம்புக்குடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.