பொதி

'பொதி' என்பதற்கு மூட்டை என்று மட்டும் பொருள் கூறி நிறுத்திக்கொள்வது போதாது. உள்ளடக்குதல், மூடிக் காத்தல், நிறைத்தல் என வினையில் விரியும் அர்த்தங்கள் யாவும் அப்பெயரிலும் தங்கியிருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் புலிச்சின்னம் பொறித்துக் குவித்த பொதிகளைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. பொதி சுமக்கும் கழுதை என்று இன்றும் பேசுகிறோம்.

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்னின் முயற்சியால் சேர்வராயன் மலையில் வேரூன்றிய ஏற்காட்டுக் காப்பியைப் போன்ற சரக்கு சமுத்திரம் கடந்து பிரயாணம் செய்யும்போது, இச்சொல்லின் பூரண அர்த்தமும் வேண்டியிருக்கிறது. உலர்ந்த கொட்டையிலும் சிறிது ஈரம் உண்டாகையால், குளிர்ந்த கடலில் கண்டெய்னரின் இரும்புக் கூரை வியர்த்துச் சொட்டும் நீர் சணல் சாக்கை நனைத்துப் பூசணம் பிடிக்கச் செய்யாதிருக்க, உட்சுவரெங்கும் தடித்த பழுப்புக் காகிதம் பொதிந்த பின்பே மூட்டைகளை அடுக்குகிறார்கள்; இக்காகிதமே எனக்கு மிகவும் உவப்பான விஷயம், ஏனெனில் பொதிதல் என்னும் வினையை அதில் கண்ணாரக் காணலாம். கப்பலிலோ கனத்த பெட்டி கீழும் இலேசானது மேலுமாக ஏற்றி, மூலைகளில் திருகுபூட்டு மாட்டி, தளத்தின்மேல் உள்ளவற்றை இரும்புக் கம்பிகளால் குறுக்காக இழுத்து முறுக்குவார்கள். எடை பொய்யானால் அடுக்கே சரிந்து மாலுமிகளின் பிராணனுக்கு அபாயம் நேருமாதலால், சரிபார்த்த எடையைத் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றலாகாது என்னும் சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது.